உப்புப் பொட்டலத்துக் குளிர்காலம்

டோக்கியோ நேரம் ஐந்தரை மணி. மலாய் நாட்டைப் பிடித்திருந்த ஜப்பானியர், கடிகாரங்களை முன்னால் தள்ளி வைக்கச் சொல்லி உத்தரவு போட்டிருந்த காலம் அது. சூரியனைக் கேட்டால் நாலுதான் ஆகியிருக்கும். மழை விட்டிருந்தது. எங்கள் காஜா பெராங் சாலையோரத்துச் சாக்கடை மட்டும் இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. மூலைக்கடைக்கு உப்பு வாங்கப் போன என் மகள் எப்போதோ திரும்பியிருக்க வேண்டும். வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். சாலையில் ஒரு சைக்கிள்கூட இல்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். இன்றைக்கும் அவள் வேலைவிட்டு வரச் சற்றுத் தாமதமானால் அதே நடைதான்.

அவளுக்கு அப்போது பத்து வயது. அவள் அப்பாவைச் சயாம் ரயில்பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனதை நேரில் பார்த்தவள். போர் முடிந்தபின் அவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்துவிட்டார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது அவரைப் பற்றியது அல்ல. லாரி போன அன்றிலிருந்து மகள் பேசுவதை நிறுத்திவிட்டாள். அழவில்லை. சொன்ன வேலையைச் செய்வாள், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். வாயிலிருந்து ஒரு சொல் வராது. சாப்பாட்டையும் பாதியில் ஒதுக்கினாள். பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை. நான் கெஞ்சினேன், அதட்டினேன், ஏதாவது பேசு என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் இன்னும் உள்ளே போய்விட்டாள்.

வருடக் கடைசி மழை பிடித்துக்கொண்ட சமயம், மூலைக்கடைக்காரர் மடித்துக் கொடுத்த உப்புப் பொட்டலம் (அந்தத் தமிழ் முஸ்லிம் அண்ணனை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம்) ஓர் ஆங்கிலப் புத்தகத்தின் தாளாக இருந்தது. எங்கோ ஒரு நூலகத்தைக் கலைத்தபோது கட்டுக்கட்டாகக் கடைகளுக்கு வந்த புத்தகங்கள் அவை. வேறு காகிதம் கிடைக்காத நாட்கள். உப்பைக் கொட்டிவிட்டுத் தாளை அடுப்பில் போட இருந்தேன். மகள் அதை எடுத்து நீவி என் மடியில் வைத்தாள். நான் கான்வென்டில் படித்தவள். நெடுநாள் கழித்து அன்றுதான் சத்தமாக ஒன்றைப் படித்தேன், வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே.

குளிர்நாட்டுக் கதை. ஒரு குடும்பம் பனிக்குள் அடைபட்டிருக்கிறது. காலையில் எழுந்ததும் தாய் ஜன்னல் கதவை விரலளவு திறந்து, பனி எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறாள். பனி என்று நான் சொன்னதும் மகள் வெளியே புல்லைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த பனி விடியலில் புல்நுனியில் நிற்பதுதான். மரவள்ளி மாவைச் சலித்து வைத்திருந்த தட்டை எடுத்து, சிரட்டை ஒன்றை அதில் கவிழ்த்து, இது வீடு என்றேன். மேலே மாவைத் தூவி, இது பனி என்றேன். வீடு மறைந்துபோனது. அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாப்பாட்டில் மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் அவளே உப்பு டப்பாவைக் காட்டிக் காசுக்குக் கையை நீட்டினாள். அதன்பின், தாள்கள் கூடக் கிடைக்கட்டும் என்று உப்பையும் மிளகாயையும் சிறிது சிறிதாக வாங்கத் தொடங்கினோம். நானாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அவள் தாளைத் திருப்பிப் பக்க எண்ணைத் தேடுவதைக் கவனித்திருக்கிறார். அந்தப் புத்தகத்தை மட்டும் தனியே எடுத்து வைத்து, அவளுக்கு வரிசையாகக் கிழித்துத் தந்தார்.

நம் ஊரில் குளிர்காலம் கிடையாது. காயாத துணியும் தோளில் ஒரு துண்டும்தான் நமக்குக் குளிர். ஆனால் அந்தத் தாள்களைப் படித்தபோது எனக்குள் எதுவோ தளர்ந்தது. அந்தத் தாய் பனியோடு சண்டை போடுவதில்லை. அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். மகளைப் பேசு பேசு என்று நச்சரிப்பதை நான் விட்டேன். அவள் தூங்கத் தொடங்கினாள். நானும் தூங்கினேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஐந்தரை மணி. எதிர்வீட்டுச் செட்டி அம்மாள் சாரோங்கை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய செட்டி வம்சம், அவருக்குத் தமிழ் வராது, மலாய்தான் பேச்சு. சாலையின் இரு முனையையும் சிப்பாய்கள் மறித்துவிட்டார்கள், ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்கிறார்கள் என்றார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஜங்ஙான் கெலுவார்," என்றார். வெளியே போகாதே என்று அவர் சொன்னதைக் கண்களும் சொல்லின. போகிறவர்களை அங்கேயே உட்கார வைக்கிறார்களாம்.

ஜப்பானியருக்கு ஆகாத ஆங்கிலத்தில் ஒரு தாள் அவள் கையில் இருக்கிறதே என்பது என் இரண்டாவது பயம்தான். முதல் பயம் வேறு: சிப்பாய் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் அறை விழும். பெரியவர், சிறியவர் பார்க்க மாட்டார்கள். என் மகள் பதில் சொல்ல மாட்டாள். அவளால் முடியாது என்று அவனுக்கு யார் சொல்வது?

செட்டி அம்மாள் என்னை உள்ளே இழுத்து உட்கார வைத்தார். சேர்த்து வைத்திருந்த தாள்களை எடுத்தேன். எழுத்து ஓடவில்லை. ஒரே வரியை வாய்விட்டுப் படித்தேன், மறுபடி படித்தேன். மொழி புரியாத அந்த அம்மாள், முழுவதும் புரிந்தவரைப் போலத் தலையாட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தார். அந்த வரியின் பொருள் அன்று எனக்கும் எட்டவில்லை. ஆனால் வாய் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவரை நான் சாலைக்கு ஓடவில்லை.

வெளிச்சம் மங்குமுன் செருப்புச் சத்தம் கேட்டது. நானா. அவர் சட்டையைப் பிடித்தபடி என் மகள். கன்னத்தைத் திருப்பிப் பார்த்தேன், மறு கன்னத்தையும் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

நானா படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். சிப்பாய் பொட்டலத்தைக் காட்டி "நானி" என்று அதட்டினானாம். என்ன இது என்பதற்கு அவர்கள் சொல். அப்போது பள்ளிக்கூடத்தில் ஜப்பான் மொழி சொல்லிக்கொடுத்தார்கள்; போகிற பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும், போகாத இவளுக்குத் தெரியாது.

"இவ வாயத் தொறந்துட்டா, தங்கச்சி," என்றார் என்னிடம். "நானா-ன்னு சொன்னா. சத்தமா. என் கடையப் பாத்துக் கையக் காட்டினா. அவன் இவளக் கூட்டிக்கிட்டு நேரா என் முன்னால வந்து நிக்கிறான். எனக்கு உசுரே இல்ல. உப்பக் கொஞ்சம் எடுத்து நாக்குல வச்சுக் காட்டினேன். அவனும் வச்சுப் பாத்தான், மூஞ்சச் சுளிச்சான், போயிட்டான். வழி விடட்டும்னுதான் இவ்வளவு நேரம் கடையிலயே வச்சிருந்தேன்."

நான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதேன், சிரிக்கவும் செய்தேன். அவன் உன்னிடம் என்ன கேட்டான் தெரியுமா, அதற்கு நீ என்ன சொல்லியிருக்கிறாய் என்றேன். அவள் என் பிடியிலிருந்து கொஞ்சம் விலகி, புருவத்தைச் சுருக்கினாள்.

"அவரு நானாவத்தாம்மா கேட்டாரு," என்றாள்.