மூன்றாவது பொட்டலம்

ஐப்பசியில் முதல் இடி விழுந்த மறுநாள் காலையில் வளைகுடா நாட்டிலிருந்து என் தங்கை அழைத்துவிடுவாள். எங்கள் ஊர் வானத்தை எங்களுக்கு முன்பே கைப்பேசியில் பார்த்து வைத்திருப்பாள். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான். முதல் கேள்வி ஆண்டுதோறும் ஒன்றே.

"அண்ணே, அப்பா எதுவும் கொண்டாந்தாகளா?"

அவள் கேட்பது புற்றுக்காளானை. கோவிலூர்ப் பக்கம், எங்கள் கண்மாய்க்கு மேற்கே இருக்கும் செம்மண் காட்டில், மழையும் இடியும் சேர்ந்து வந்த இரண்டு மூன்று நாள்களுக்குள் கறையான் புற்றுகளைச் சுற்றி அது முளைக்கும். அப்பா பால் சங்கத்துக்குப் பால் எடுப்பவர். விடியுமுன் மொபெட்டில் கேன்களைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார் என்பதால் அந்தக் காட்டு வழியை முதலில் கடப்பவர் அவரே. காளான் கிடைத்த நாளில் பால் கேனின் மூடிமேல் பூவரச இலைப் பொட்டலங்கள் கட்டப்பட்டிருக்கும்.

பொட்டலங்கள் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு புற்றில் எடுத்ததை இன்னொரு புற்றில் எடுத்ததோடு அப்பா கலக்கமாட்டார். ஒவ்வொன்றையும் வேரோடு பிடுங்குவார். புற்றுக்காளானின் தண்டு மண்ணுக்குள் விரல் நீளத்துக்கு மேல் மெலிந்துகொண்டே இறங்கும். அதைத்தான் நாங்கள் வேர் என்போம். கூட வேகும் அரிசி கறுக்கிறதா, மஞ்சள் நிறம் மாறுகிறதா என்று ஊரில் சொல்லப்படும் சோதனைகள் எதையும் அவர் நம்பியதில்லை. எந்த இடம், எந்த வேர் என்பதே அவருடைய கணக்கு. சமைத்த பிறகு இன்னொரு வழக்கமும் இருந்தது. எடுத்து வந்தவர் உண்ட பிறகே மற்றவர்கள் உண்ண வேண்டும். அப்பா குளித்துவிட்டு வந்து உட்காரும் வரை சட்டியைத் திறக்காமல் நானும் தங்கையும் அதைச் சுற்றியே உட்கார்ந்திருப்போம். உழைத்தவருக்குக் கொடுக்கும் மரியாதை அது என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

அம்மா காளானைக் கத்தியால் நறுக்கமாட்டார். நார் நாராகக் கையால் கிழிப்பார். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, தட்டிய மிளகும் சீரகமும். அவ்வளவுதான். விருந்துச் சமையலுக்குப் பேர்போன வட்டாரத்தில் பிறந்தவர், காளானுக்கு மட்டும் மசாலாப் பக்கமே போகமாட்டார். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. தன் தண்ணீரிலேயே அது வெந்து சுண்டும்போது எழும் வாசனை கோழிக்குழம்பை நினைவூட்டும். பிறகு ஈர மண்ணை நினைவூட்டும். பிறகு எதையும் நினைவூட்டாது. அது அதுவாகவே இருக்கும்.

தங்கை முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்து மூன்றாவது மாதத்தில் தாய்வீடு வந்திருந்த ஆண்டு அது. மசக்கை அவளை உருக்கிக்கொண்டிருந்தது. சோறு, இட்லி, பழச்சாறு எதுவும் தங்கவில்லை. இப்படியே எடை குறைந்துகொண்டு போனால் மருத்துவமனையில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"எதக் கேட்டாலும் வேணாங்குற. என்னதான்டி வேணும் ஒனக்கு?" என்றார் அம்மா.

"காளான்."

"அதுக்கு இடி இடிக்கணும்."

"இடிக்கச் சொல்லு."

அம்மா சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. சமூகப்பணியில் பட்டம் பெற்று, சிவகங்கையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள அலுவலராகச் சேர்ந்திருந்தேன். கருவுற்ற பெண்களின் உணவைப் பற்றி ஊர் ஊராகக் கூட்டம் நடத்துவது என் பணி. 'காட்டுக் காளானைத் தவிர்க்கவும்' என்ற வரியை எங்கள் துண்டறிக்கையில் எழுதியவனே நான்தான்.

"அண்ணே, ஒங்க நோட்டீச கொஞ்ச நாளைக்கு மடிச்சு வைங்களேன். வாய்க்குள்ள வைக்க முடியும்னு எனக்குத் தோணுற ஒரே பண்டம் அதுதான்" என்றாள் தங்கை.

இரண்டு நாள் யோசித்தேன். தெரியாத காளானின் ஆபத்து ஒரு பக்கம்; எதையும் உண்ணாமல் அவள் வாடுவதன் ஆபத்து மறு பக்கம். ஆண்டுக்கணக்காக நாங்கள் உண்டுவந்த புற்றில் விளைந்தது மட்டுமே, நன்றாக வேகவைத்தது மட்டுமே என்ற நிபந்தனையோடு சம்மதித்தேன். சம்மதித்த அன்று மாலையே மேற்கில் இடி முழங்கியது. அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் இல்லை, அதற்கடுத்த நாள் காலை அப்பா மூன்று பொட்டலங்களை அடுப்பங்கரையில் வைத்தார். "இப்புடியே கெடக்கட்டும். பாலை ஊத்திட்டு வந்து நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சங்கத்துக்கு விரைந்தார். அம்மா கொல்லையில் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். காலையில் ஒரு மணி நேரம்தான் தங்கைக்குச் சற்றேனும் பசி இருக்கும். அது கடந்தால் தண்ணீர்கூட இறங்காது. அப்பா வரும் வரை காத்திருந்தால் அந்த நேரம் வீணாகிவிடும் என்று கணக்கிட்டேன். பொட்டலங்களைப் பிரித்தபோது வேர்களில் செம்மண்ணும் இரண்டொரு கறையானும் ஒட்டியிருந்தன. கர்ப்பிணிக்கான உணவு, மண் இருக்கலாகாது. எல்லா வேர்களையும் நறுக்கி வாய்க்காலில் ஓடவிட்டேன். மூன்று பொட்டலங்களையும் ஒரே அகன்ற பாத்திரத்தில் கொட்டி, உப்பும் மஞ்சளும் இட்ட தண்ணீரில் மும்முறை அலசினேன். மண் துளியுமின்றி மிதந்தவற்றைப் பார்க்கையில், உண்மையைச் சொன்னால், எனக்குப் பெருமையாகவே இருந்தது.

தங்கை கதவோரம் வந்து நின்று மூச்சை இழுத்தாள். "வாந்தி வரலண்ணே" என்றாள், வியப்போடு.

அந்த நேரத்தில் அப்பா உள்ளே வந்தார்.

"பொட்டலம் எங்கடா?"

"கழுவியாச்சுப்பா."

"மூணுமா?"

"மூணும்."

"வேரு?"

நான் வாய்க்காலைக் காட்டினேன். அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பொட்டலங்கள் பழக்கமான புற்றுகளில் எடுத்தவை. மூன்றாவது, பனைமரத்தடியில் புதிதாகக் கண்ட இடத்தில், வெளிச்சம் வருமுன் எடுத்தது. சில, ஆழ வேர் இல்லாததுபோல் சட்டென்று கையோடு வந்துவிட்டதால் ஐயம் தோன்றி, பகலில் வேரைப் பார்த்து முடிவு செய்வதற்காகத் தனியே கட்டியிருந்தார். எங்களிடம் அதைச் சொல்லவில்லை. ஏனெனில் எங்கள் வீட்டில் அவர் வருமுன் யாரும் பொட்டலத்தைப் பிரித்ததே கிடையாது.

பாத்திரத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் இளம் மொட்டுகள். எல்லாம் ஒரே நிறம்.

"தெரியலடா" என்றார். காளானைப் பார்த்து அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

கொல்லையிலிருந்து வந்த அம்மா, "பெருசாப் பாத்துப் பொறுக்குனா ஆகாதாங்க? புள்ள ஆசையா நிக்கிறா" என்றார்.

அப்பா மிகச் சாதாரணமாகச் சொன்னார். "கொஞ்சம் வதக்கு. நான் மொதல்ல திங்கிறேன். சாயங்காலம் வரைக்கும் பொறுத்தாத் தெரிஞ்சிரும்."

எடுத்து வந்தவர் ஏன் முதலில் உண்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது மரியாதை அன்று. இத்தனை ஆண்டுகளாக எங்கள் கண்முன்னே அவர் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து வந்திருக்கிறார். சில நஞ்சுகள் மாலைக்குள் தம்மைக் காட்டிக்கொள்வதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தங்கை வந்து பாத்திரத்தைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"வேணாம்ப்பா. என் புள்ளைக்குத் தாத்தா வேணும். கொட்டிருங்க."

கோழிகள் கிளறாதபடி கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டி அப்பா அதைப் புதைத்தார். அவர் என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. தங்கை மட்டும், "இவ்வளவு சுத்தமாக் கழுவி யாரும் குழிக்குள்ள போட்டுருக்க மாட்டாக" என்று கேலி செய்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அம்மா பிசைந்து கொடுத்த மோர்ச்சோறு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை, இறங்கியதும் தங்கவில்லை. மறுநாளிலிருந்து மழை நின்றுபோனது. அந்த வாரத்தில் காரைக்குடியில் மூன்று நாள் அவளுக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கட்டிலருகே நான் இருந்தேன். என் கையில் மஞ்சள் கறை போயிருக்கவில்லை.

குழந்தை நலமாகப் பிறந்தது. பெண். அடுத்த ஆண்டே கணவருக்கு வேலை கிடைத்த வெளிநாட்டுக்குக் குடும்பத்தோடு போனாள். விடுமுறை ஆடியில்தான் வாய்க்கிறது. அவள் வரும்போது செம்மண் காடு வெடித்துக் கிடக்கும். காளான் முளைக்கும்போது அவள் வளைகுடாவில் இருப்பாள். பறித்த அன்று மாலைக்குள் குழைந்துவிடும் பண்டத்தைக் கடல் தாண்டி அனுப்பவும் வழியில்லை. ஒருமுறை வெயிலில் உலர்த்தி, அங்கே போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டோம். "செருப்ப ஊறவச்சுத் தின்ன மாதிரி இருக்குண்ணே" என்று பதில் வந்தது.

அன்று கொட்டியது சரியா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். சரிதான். இன்றும் கொட்டவே சொல்வேன். ஆனால் கொட்ட வேண்டிய நிலையை உண்டாக்கியவன் நான். கூட்டங்களில் இப்போதும் கர்ப்பிணிகளிடம் காட்டுக் காளான் வேண்டாம் என்றே சொல்கிறேன். முன்பு அதோடு நிறுத்திவிடுவேன். எங்கள் மாவட்டத்தில், திருப்பத்தூர்ப் பக்கத்து ஊர்களில் மழைக்காலத்தில் இதை எதிர்பார்த்தே உலை வைக்கும் வீடுகள் உண்டு. ஒற்றை வரியில் தடுத்துவிட்டு வருவது அவர்களுக்கு உதவாது. எனவே வேரை வெட்டாதீர்கள், இடத்துக்கு இடம் கலக்காதீர்கள், எடுத்தவரைக் கேட்காமல் பிரிக்காதீர்கள், ஐயம் என்றால் புதைத்துவிடுங்கள், யாரும் தின்று பார்க்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். தங்கைக்கு அதனால் எதுவும் திரும்பக் கிடைத்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும்.

இந்த ஐப்பசியில் ஞாயிற்றுக்கிழமை காலை அவள் காணொளியில் அழைத்தபோது ஒரே ஒரு பொட்டலம் வந்திருந்தது. பழைய புற்றில் எடுத்தது.

"வேரக் காட்டுங்கண்ணே."

ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். செம்மண் உதிர்ந்தது. அம்மா கிழித்து வதக்கும் வரை அவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அப்பா முதல் வாய் உண்டார். "பாரு, தாத்தா திங்கிறாக" என்று மகளுக்குக் காட்டினாள். பிறகு, "இப்ப நீங்கண்ணே."

வாயில் வைத்தேன். மிளகும் மண்வாசனையும் நாக்கில் பரவின. திரைக்கு அப்பால் அவள் தொண்டை அசைந்தது.

"எப்புடி இருக்கு?"

"உப்புக் கூடிப்போச்சு. அவ்வளவு ஒன்னும் நல்லா இல்ல."

"பொய் சொல்லாதீக" என்றாள். சட்டி காலியாகும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.