ஏரிக்கரை வீட்டில் ஒரு குட்டித் தூக்கம்

முப்பத்தோரு வருஷம் அரசாங்க ஜீப் ஓட்டியவன் நான். பெங்களூரில் நான் போகாத ரோடு இல்லை என்று பீற்றிக்கொள்வேன். உண்மையில் ஓட்டியதைவிடக் காத்திருந்ததுதான் அதிகம். சாகேப்ரு என்று நாங்கள் சொல்லும் ஆபீசர் மீட்டிங்குக்குள் போனால் எப்போது வெளியே வருவார் என்று அவருக்கே தெரியாது. வண்டியை நிழலில் போட்டுச் சீட்டைச் சாய்த்தால் அடுத்த நிமிஷம் தூங்கிவிடுவேன். அவருடைய ஷூ சத்தம் படியில் கேட்டதும் கண் தானாகத் திறந்துகொள்ளும். அவர் வருவதற்குள் முகத்தைத் துடைத்துக் கதவைத் திறந்து நிற்பேன். ஒரு நாள்கூட மாட்டியதில்லை. ரிட்டயர் ஆன பிறகு இந்தப் பெருமையை வீட்டில் சொல்லிச் சொல்லி எல்லோர் காதும் புளித்துவிட்டது.

மனைவி போன பிறகு ஆஸ்டின் டவுன் வீட்டில் நான், மகன், மருமகள், நான்கு வயதுப் பேத்தி. அவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனால் பேத்தி என் பொறுப்பு. எனக்கு வேறு வேலை இல்லை என்று சொந்தக்காரர்கள் பரிதாபப்படுவார்கள். வேறு வேலை வேண்டாம் என்றுதான் நான் இருந்தேன்.

போன வருஷம் மகன் சந்தாபுராவைத் தாண்டி ஏரிக்கரையில் ஒரு வீட்டை சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுத்தான். போட்டோவில் நீலமாக இருந்த ஏரி, நேரில் ஆகாயத்தாமரை மண்டிப் பச்சையாகக் கிடந்தது. காற்று திரும்பினால் சாக்கடை நாற்றம். வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் கொஞ்சம் புல்தரை, அவ்வளவுதான், வேலி கிடையாது. இதற்கா டிராபிக்கில் இவ்வளவு தூரம் வந்தோம் என்று முணுமுணுத்தேன். பேத்திக்கு மட்டும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பிரியாணி சாப்பிட்டு முடித்ததும் மகனுக்கு ஆபீஸ் கால் வந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மருமகளுக்குத் தலைவலி, அரைமணி நேரம் படுக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். ஏரிப்பக்கம் விடவேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னாள்.

"நான் இருக்கேன்ல, நீ போம்மா" என்றேன். யாருக்குச் சொல்லித் தருகிறாள் என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

பேத்தி, நடந்தால் கீச் கீச் என்று சத்தம் போடும் ஷூ போட்டிருந்தாள். எங்கே போகிறாள் என்று தெரியட்டும் என்றே மருமகள் தேடி வாங்கியது. பத்து நிமிஷம் ஆகியிருக்கும், மகன் ஜன்னலைத் திறந்து, மீட்டிங்கில் ஒன்றும் கேட்கவில்லை, அந்த ஷூவைக் கழற்றுங்கள் என்றான். நானே கழற்றி வராந்தாவில் என் நாற்காலிக்கு அடியில் வைத்தேன். அவள் புல்லில் உட்கார்ந்து இலைகளைப் பறித்து எனக்குச் சமையல் செய்ய ஆரம்பித்தாள். நான் சாய்ந்தேன். கண்ணை மூடினால் என்ன, சத்தம் கேட்டால் எழுந்துவிடுவேனே என்று நினைத்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. எந்தச் சத்தம் என்று யோசிக்கவில்லை.

காலடிச் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். அது அந்த வீட்டு வாட்ச்மேனுடைய ரப்பர் பூட்ஸ். அவர் படியேறுவதற்குள் எழுந்து முகத்தைத் துடைத்து நின்றுவிட்டேன், பழக்கதோஷம். அவர் தோளில் பேத்தி. மார்பு வரை கறுப்புச் சேறு, முடியில் ஆகாயத்தாமரை வேர். அழவில்லை, நடுங்கிக்கொண்டிருந்தாள். கரையோரச் சேற்றில் சிக்கி நின்றிருந்தாளாம். இன்னும் ஓர் அடி போயிருந்தால் தண்ணீர் எதுவரை வந்திருக்கும் என்று அவள் தலைக்கு மேல் கையை வைத்துக் காட்டினார். தூங்கிவிட்டீர்களா என்று கன்னடத்தில் கேட்டார். இல்லை, தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்தேன் என்றேன். வாயில் தானாக வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். வாட்ச்மேனும் டிரைவரும் ஒரே ரகம்; தூங்கி எழுந்த முகம் அவருக்குத் தெரியாதா என்ன. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மருமகளிடமும் அதையே சொன்னேன். குழந்தையைக் கழுவித் துடைத்து முடிக்கும்வரை அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பி, "விடுங்க மாமா, தண்ணி குடிக்கப் போனது ஒரு தப்பா?" என்றாள். நாலு அறை விட்டிருந்தால் தேவலை.

மறுநாள் காலை பேத்தி என் மடியில் ஏறி உட்கார்ந்து, சமைத்ததைச் சாப்பிட என்னைக் கூப்பிட்டதாகவும் நான் எழுந்திருக்கவே இல்லை என்றும் சாதாரணமாகச் சொன்னாள். அம்மாவிடம் சொல்லாதே கண்ணு என்றேன். தெரிந்தால் இவளை என்னிடம் விடமாட்டார்கள், அந்தப் பயம்தான். அவள் பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டினாள்.

சாயங்காலம் கிளம்பினோம். மகன் ஓட்டினான், பக்கத்தில் நான். பின்சீட்டில் மருமகளும் பேத்தியும். பொம்மசந்திரா அருகே டிராபிக்கில் வண்டி நின்றது. இனிமேல் எங்கே போனாலும் தாத்தாவிடம் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும் என்று மருமகள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கூப்டேம்மா. ரெண்டு தடவ கூப்டேன். தாத்தா தூங்கிட்டிருந்தாரு." கொஞ்சம் நிறுத்தி, "உங்கிட்ட சொல்லக்கூடாதாம்" என்றாள்.

ஜீப் ஓட்டிய நாளில், பின்சீட்டில் ஆபீசரும் அவர் மனைவியும் சண்டை போடும்போது டிரைவருக்குக் காது இருக்கக் கூடாது; நான் ரோட்டையே பார்ப்பேன். மகனும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முன்னால் இருந்த வண்டிகள் நகர்ந்த பிறகும் அவன் கியர் போடவில்லை.

"பின்னாடி ஹாரன் அடிக்கிறாங்க, எடுப்பா" என்று நான்தான் சொன்னேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திங்கட்கிழமை மருமகள் லீவு போட்டாள். அந்த வாரமே பக்கத்துத் தெருவில் ஒரு டே கேர் பார்த்துவிட்டார்கள். பிள்ளைகளோடு விளையாடினால் நல்லதுதானே மாமா என்றாள். ஆமாம் என்றேன். தூங்கியதை அவள் மன்னித்திருப்பாள் என்றே நினைக்கிறேன். நாலு வயதுக் குழந்தையிடம் போய் மறைக்கச் சொன்னதை எப்படி மன்னிப்பாள்? நானாக இருந்தாலும் மன்னிக்கமாட்டேன்.

இப்போது காலையில் அந்தக் கீச் ஷூவை மாட்டிவிடுவது மட்டும்தான் என் வேலை. படியிறங்கித் தெருமுனை திரும்பும்வரை சத்தம் கேட்கும். சாயங்காலம் வந்து அவள் என்னோடு விளையாடுவாள். மருமகள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அதே அறையில் வந்து உட்காருவாள். மத்தியானத்தில் எனக்கு இப்போதெல்லாம் தூக்கம் வருவதில்லை. நாள் முழுக்க முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பார்த்துக்கொள்ளத்தான் வீட்டில் யாரும் இல்லை.