எந்தப் பாகத்தில் ஏறுவது?

போன சனிக்கிழமை பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சிடி கடையில் எனக்கும் கடைக்காரருக்கும் சின்ன வாக்குவாதம். கம்ப்யூட்டர் கேம் ஒன்றின் பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

"எத்தனையாவது பார்ட் சேர்?" என்றார்.

எத்தனையாவதா? அதில் ஏழு பாகம் இருக்கிறதாம்... மெகா சீரியல் தோற்றது போங்கள்.

இந்த வயதில் உனக்கு என்ன கேம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். என் மகள் தர்ஷினி கண்டியில் ஹொஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். லீவுக்கு தெமோதரைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். வந்தவள் என்னோடு பேசுவது மொத்தமே 'ம்', 'சரிப்பா', 'தெரியாதுப்பா' – அவ்வளவுதான். சின்னப் பிள்ளையில் வாயை மூடவே மாட்டாள். இப்போது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் விளையாடுகிற கேமை நானும் கற்றுக்கொண்டால், பேச ஒரு விஷயமாவது கிடைக்குமே?

"ஏழாவத எடுங்க சேர். புதுசு. ஒன்னாவத இப்ப யாரும் தொடுறதே இல்ல" என்றார் கடைக்காரர்.

நான் கேட்பேனா? நாங்கள் தெமோதரைக்காரர்கள். கொழும்பு ரயிலில் சீட் வேண்டுமென்றால் தெமோதரையில் ஏற மாட்டோம். பஸ் பிடித்து பதுளைக்குப் போய், ரயில் புறப்படுகிற இடத்திலேயே ஏறி உட்காருவோம். அப்புறம் அதே தெமோதரை ஸ்டேஷனை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போவோம். எதிலும் ஆரம்பத்திலேயே ஏறிவிட வேண்டும் எங்களுக்கு. ஒன்றாம் பாகத்தைத்தான் வாங்கினேன்.

அதில் என் வீரன் ஓர் ஆற்றைத் தாண்ட வேண்டும். திங்கட்கிழமை விழுந்தான். செவ்வாயும் விழுந்தான். புதன்கிழமை கரையிலேயே வழுக்கி விழுந்தபோது, பின்னால் தர்ஷினி நின்றிருந்தாள்.

"என்னப்பா, இதப் போயி வெளாடுறீங்க?"

"மொதல்ல இருந்து வரணும்ல? இது முடிஞ்சா ரெண்டு, அப்புறம் மூணு... நீ எதுல இருக்க?"

"ஆறுல."

"வந்துருவேன் பாரு."

என்னையும் பார்த்தாள், ஆற்றில் மிதக்கிற வீரனையும் பார்த்தாள். "நீங்க ஆறுக்கு வர்றதுக்குள்ள எனக்கு ஸ்கூல் தொறந்துரும்பா."

சுருக்கென்றது. அவள் கிளம்ப இரண்டு வாரம்கூட இல்லை. நானோ வரிசை பார்த்துக்கொண்டிருக்கிறேன்! வளர்ந்த பிள்ளையோடு பேச எங்கிருந்து ஆரம்பிப்பது? அவள் இப்போது எங்கே நிற்கிறாளோ அங்கிருந்துதானே... இதை ஒரு பிள்ளை சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது.

சிடியை வெளியே எடுத்தேன். "சரி, ஒன்னோட ஆறப் போடு. ஆனா எனக்கு ஒன்னும் வெளங்காதே?"

"வெளங்காட்டி கேளுங்க. நான் சொல்றேன்."

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பச்சைச் சட்டைக்காரன் யார், கிழட்டு ராஜாவுக்கு அவன்மேல் என்ன கோபம், கோட்டைக் கதவை ஏன் இப்போது திறக்கக் கூடாது... சொன்னாள், சொன்னாள், சொல்லிக்கொண்டே இருந்தாள். நடுவில் ஹொஸ்டல் சாப்பாட்டைத் திட்டினாள். கூடப் படிக்கிற ஒருத்தியோடு சண்டை என்றாள். அவளுடைய அம்மா சாப்பிடக் கூப்பிட்டது இரண்டு பேர் காதிலும் விழவில்லை.

ஆறாம் பாகம் எனக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை. விளங்கிவிட்டால் அவள் சொல்வதை நிறுத்திவிடுவாளே... அதனால் நானும் அவசரப்படவில்லை.