எடைக் கொட்டகை வயர்

தேயிலைத் தொழிற்சாலையின் கணினிகளையும் அவற்றை இணைக்கும் வயர்களையும் பார்த்துக்கொள்ள என்னை வேலைக்கு எடுத்திருந்தார்கள். ரிங்லெட் டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் மலையேறி வருவேன். பாதி வழியிலேயே போன் அடிக்கும். "நெட்வர்க் படுத்துடுச்சு. சீக்கிரம் வாங்க."

அந்த மழைக்காலம் முழுக்க இதே கதைதான். எடைக் கொட்டகை, அலுவலகம், பேக்கிங் என்று எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் இணைப்பு போய்விடும். எடை பதிவாகாமல் லோரியிலிருந்து கொழுந்தை இறக்க முடியாது. சாக்கிலேயே கிடந்தால் கொழுந்து சூடேறிச் சிவந்துபோகும். வயர்களை ஒன்றுசேர்க்கும் நெட்வர்க் சுவிட்சை அணைத்துப் போட்டால் சில நாள் சரியாகும், சில நாள் ஆகாது. காரணம் தெரியாமல் விடுவதில்லை என்று ஒவ்வொரு வயராகப் பின்தொடர்ந்தேன்.

அந்தத் தேடல் எடைக் கொட்டகையில் கிராணியின் மேசைக்கு அடியில் போய் முடிந்தது. எடையைப் பதிகிற கணக்கர் அவர். என் அப்பா வயது. தராசுக்கும் கணினிக்கும் பிரிண்டருக்கும் சுவரில் ஒரே இணைப்புதான் என்பதால் சின்ன சுவிட்ச் ஒன்றை அங்கே வைத்திருந்தார்கள். சேறு படிந்த தரையைக் கழுவும்போது அவர் வயர்களைப் பிடுங்கி மேலே போடுவார், பிறகு சொருகுவார். சில நாள் ஒரே வயரின் இரண்டு முனையும் அந்தச் சின்ன சுவிட்சிலேயே ஏறிவிடும். அவ்வளவுதான். அனுப்பிய தகவல் வெளியேற வழியின்றிச் சுற்றிச் சுற்றிப் பெருகி, தொழிற்சாலை முழுவதையும் அடைத்துவிடும்.

இதைத் தடுக்கவே தொழிற்சாலையின் பெரிய சுவிட்சுகளில் ஸ்பானிங் ட்ரீ என்றொரு ஏற்பாடு உண்டு. தகவல் இப்படிச் சுற்றும் வளையம் உண்டானால் கண்டுபிடித்து வழியை மூடும். அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். யாரோ அதை அணைத்துவைத்திருந்தார்கள்.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"முன்ன அது ஆன்லதான் இருந்துச்சு. கரண்ட் போய் வந்தா தராசு கனெக்ட் ஆகாம நின்னுடும். அதான் லைன் போட்ட ஆளு ஆஃப் பண்ணிட்டான். தொடாதீங்க லா."

அவர் சொன்னதும் நியாயம்தான். வயர் சொருகும் துளையான போர்ட் உயிர்பெறும் ஒவ்வொரு முறையும் ஸ்பானிங் ட்ரீ அதை அரை நிமிடம்போலக் காக்கவைத்து வேவு பார்க்கும். எங்கள் பழைய தராசுக்கு அத்தனை பொறுமை கிடையாது.

"தராசு மாதிரி கருவிங்க போற போர்ட்டுகள மட்டும் காக்கவைக்க வேணாம்னு செட் பண்ணலாம் சார். அதுலயே ஒரு காவலும் போட்டுட்டா, வளையம் வந்ததும் அந்த ஒரு போர்ட் மட்டும் மூடிக்கும்."

"ஆகலன்னா?"

"ஆகும் சார். லோரி வராத ஞாயித்துக்கெழம உங்க முன்னாலயே வயர மாத்திச் சொருகிக் காட்டுறேன்."

வாக்குக் கொடுத்துவிட்டேன். முதலில் நானே செய்து பார்க்க வேண்டும். ஸ்டோரில் கிடந்த பழைய சுவிட்சை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறை மேசையில் வைத்துப் பழகினேன். காவல் வேலை செய்தது, ஆனால் வயரைச் சரிசெய்த பிறகும் மூடிய போர்ட் தானாகத் திறக்கவில்லை. அதைக் கணினியிலிருந்து கட்டளை கொடுத்துத் திறக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்பானிங் ட்ரீயை ஆன் செய்து, போர்ட் போர்ட்டாக அந்த மாற்றத்தையும் காவலையும் போட்டுக்கொண்டே போனேன். இரண்டு பெரிய சுவிட்சுகளை ஒன்றோடொன்று இணைக்கும் போர்ட்டுகளை மட்டும் தொடவில்லை; அங்கே காவல் போட்டால் நல்ல இணைப்பே மூடிக்கொள்ளும். கரண்டை அணைத்துப் போட்டோம். தராசு உடனே எழுந்தது. 

அடுத்து, வயரை மாற்றிச் சொருகக் குனிந்தேன். பார்த்துக்கொண்டிருந்த கிராணிக்குப் புரிந்துவிட்டது.

"இத்தன நாளா நாந்தானாம்மா?"

"எல்லா வயரும் ஒரே நெறம் ஐயா. யாருக்கும் மாறும்."

அவர் என் கையிலிருந்து வயரை வாங்கினார். "விடு, நானே போடுறேன்."

சொருகினார். கொட்டகைக் கணினியில் இணைப்பு போனது. மேனேஜர் பேக்கிங்குக்குப் போன் போட்டார், பிறகு அலுவலகத்துக்கு. இரண்டு பக்கமும் நெட்வர்க் ஓடிக்கொண்டிருந்தது. "சரி, இப்படியே இருக்கட்டும்" என்றார்.

சில வாரம் கழித்து, மழை கொட்டிய ஒரு காலையில் கிராணி போனில் கூப்பிட்டார்.

"அம்மா, என் லைன் ரோசாக், படுத்துடுச்சு. திரும்ப மாத்திச் சொருகிட்டேன். இப்ப எடுத்துட்டேன், நீ தொறந்து விடு."

இருந்த இடத்திலிருந்தே திறந்துவிட்டேன். தொழிற்சாலையில் வேறு யாருக்கும் அன்று ஏதோ நடந்தது என்றே தெரியாது.