எல்லார் கம்ப்யூட்டரையும் பார்க்கிறவள்

திண்டிவனத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் செய்துகொண்டிருந்தேன். வீடு விழுப்புரத்தில். அம்மா இறந்த பிறகு அங்கே நான் மட்டும்தான். அதனால் வாய்விட்டுப் பேசுவதெல்லாம் ஆபீஸில்தான். அங்கே எல்லோருக்கும் நான் அக்கா.

ஸ்மார்ட்போன் எல்லார் கைக்கும் வந்துவிட்ட காலம். ஒரு நோயாளியின் ரிப்போர்ட் யாருடைய போன் வழியாகவோ அவருடைய சொந்தக்காரர்களுக்கெல்லாம் போய்விட்டது. கவுண்டரில் நின்று அவர் அழுதார். அதன் பிறகு முதலாளி சென்னையிலிருந்து ஆள் வைத்துத் தகவல் பாதுகாப்பு விதிகள் எழுதி வாங்கினார். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் என்னென்ன ஆப் இருக்கிறது, எது விதிக்கு உட்பட்டது, எதை எடுக்க வேண்டும் என்று பார்க்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தவள் அங்கே நான் ஒருத்திதான்.

ரிப்போர்ட்டைச் சேமிக்கும் ஆப்பில் பிரச்சினை இல்லை. டாக்டர் வீட்டிலிருந்தே படம் பார்க்கும் ஆப்புக்குப் பாஸ்வேர்டை மாற்றினால் போதும். சிக்கலெல்லாம் சாட் ஆப்பில்தான். போனில் இருப்பதைக் கம்ப்யூட்டரிலும் திறந்து வைத்திருந்தார்கள். நோயாளியின் எக்ஸ்ரேயும் புருஷனிடம் பால் வாங்கிவரச் சொன்னதும் ஒரே இடத்தில் கிடந்தன. விதிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நோயாளியின் தகவலைப் போலவே ஊழியரின் சொந்தத் தகவலையும் காப்பாற்ற வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது.

அதை யாரும் படிக்கவில்லை. நான் பக்கத்தில் போனாலே பேச்சு நின்றது. கவுண்டரில் வல்லம் கிராமத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். வேகவைத்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, கொண்டுவந்தால் எனக்கென்று ஒரு பிடி எடுத்து வைப்பாள். மதியம் என்னோடுதான் சாப்பிடுவாள். ஒருநாள் டிபன் பாக்ஸைத் திறக்காமலே கேட்டாள்.

“எங்க மெசேஜ் எல்லாம் நீங்க படிக்கிறீங்களாமே, மேடம்?”

“என்ன ஆப் இருக்குதுன்னுதான்மா பாக்குறேன். உள்ள படிக்க மாட்டேன்.”

“சரிங்க மேடம்.”

அக்கா எப்போது மேடமானாள் என்று யோசித்தபடியே சாப்பிட்டு முடித்தேன். மறுநாள் முதல் அவள் மாடியில் மற்றவர்களோடு சாப்பிட்டாள்.

அந்த வாரம்தான் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். பெண்களிடம் அவர் மரியாதையில்லாமல் பேசுவதாக யாரோ முதலாளியிடம் சொல்லிவிட்டார்கள். அவருக்குக் கவுண்டர் பெண் மேல்தான் சந்தேகம்.

“அவ சாட்டைத் தொறந்து பாருங்க. என்னைப் பத்தி என்னா எழுதிக்கினு இருக்கான்னு எனக்குத் தெரியணும்.”

“அது அவ சொந்தப் பேச்சு சார். பாக்கக் கூடாது.”

“ஆபீஸ் கம்ப்யூட்டர்தானேம்மா?”

“நோயாளிங்க ரிப்போர்ட் வெளிய போவுதான்னு பாக்கலாம். இதுக்காகப் பாக்க விதியில இடமில்ல சார். வேணும்னா முதலாளிகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க.”

“பேஜாரு பண்றதுக்குன்னே வந்திருக்கீங்க,” என்று சொல்லிக் கதவைப் பார்த்துக் கை காட்டினார். எழுதி வாங்க அவர் போகவில்லை. எதற்கு என்று முதலாளி கேட்டால் என்ன சொல்வார்?

வெளியே வந்தேன். அவரே போய்த் திறந்து பார்த்துவிடுவாரோ என்று பயந்து, நேராகக் கவுண்டருக்குப் போய், கம்ப்யூட்டரில் சாட்டை மூடிவிடச் சொன்னேன். இனி ரிப்போர்ட் எல்லாம் சென்டரின் மெயிலில்தான் போகும் என்றேன். அவள் முகம் சிவந்துவிட்டது. மேனேஜர் அறையிலிருந்து நான் வந்ததைப் பார்த்து, அவரிடம் நான்தான் ஏதோ போட்டுக் கொடுத்தேன் என்று நினைத்திருப்பாள். நடந்ததைச் சொன்னால் அவரிடம் போய்ச் சண்டை போடுவாள், வேலை போய்விடும். அவள் சம்பளத்தை நம்பித்தான் வீடு இருந்தது. சொல்லவில்லை.

சாட் ஆப் எல்லாக் கம்ப்யூட்டரிலிருந்தும் போனது. ரிப்போர்ட் வெளியே போனதாகப் பிறகு புகாரும் வரவில்லை. மேனேஜர் என்னிடம் வேலை விஷயம் தவிரப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். வல்லத்துப் பெண்ணுக்குப் புதுச்சேரியில் நல்ல வேலை கிடைத்தது. கடைசி நாள் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்துவிட்டு என் மேசைக்கும் வந்தாள்.

“இந்த வேலைய மட்டும் ஒத்துக்காம இருந்திருந்தா நீங்க நல்லவங்கதான் மேடம்,” என்றாள். கோபமில்லாமல், வருத்தமாகத்தான் சொன்னாள்.

இப்போதாவது சொல்லிவிடலாமே என்று வாய் வரை வந்தது. பின்னால் மேனேஜர் நின்றிருந்தார். “நல்லா இரும்மா,” என்றேன்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் பேச்சுக் கொடுத்தார். எங்கே இறங்கணும், எத்தனை பிள்ளைங்க என்று கேட்டுவிட்டு, என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார்.

“கம்ப்யூட்டர் வேலைங்க,” என்றேன். நல்ல வேலைதான் என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.