எதிர் வரப்பில் ஒரு கைத்தடம்

தனக்கு நேர்ந்த அநியாயத்தை மன்னித்துவிட இறந்துபோனவனுக்கு உரிமை உண்டா? மன்னிக்க முடியாமல் உயிரோடு தவிப்பவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் அவன் மன்னித்துவிடலாமா?

இப்படி ஒரு கேள்வியை நான் எழுதுவேன் என்று கல்லூரி நாட்களில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். சமூகப்பணியில் பட்டம் பெற்றவள் நான். பேய் பிடித்துவிட்டது என்று கட்டிப்போடப்பட்ட பெண்களின் வீட்டில் சண்டை போட்டு, அவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். யாரையும் எதையும் நம்பச் சொல்லி இதை எழுதவில்லை. கண்டதைக் கண்டபடி சொல்கிறேன், அதற்கு மேல் உங்கள் விருப்பம்.

என் தம்பி குமார் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்தான். சுனாமி வந்து போனதற்கு அடுத்த கோடையில், பாத்திக்கு உப்புநீர் இறைக்கும் மோட்டாரைப் போடப் போனவன் மின்சாரம் தாக்கி இறந்தான். அலையில் ஊறித் தோலுரிந்த பழைய ஒயரையே முதலாளி மறுபடியும் இழுத்துக் கட்டியிருந்தார். அந்த ஒயரைப் பற்றிக் குமார் வீட்டில் எத்தனையோ முறை புலம்பியிருக்கிறான். அவன் விழுந்தபோது பக்கத்தில் இருந்த ஒரே ஆள் ஏழுமலை. பள்ளிக்கூடத்திலிருந்தே குமாரின் கூட்டாளி, எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்தவன், உப்பளத்திலும் அவனுக்கு ஜோடி. அந்த ஏழுமலைதான் போலீசிடம், "காப்பர் ஒயர அறுத்து விக்கலாம்னு வந்தான் சார், நான் வேணாம்னு சொன்னேன், கேக்கல" என்று சொன்னான். முதலாளி சொல்லச் சொன்னதைச் சொன்னான். அன்றிலிருந்து என் தம்பி ஊருக்குத் திருடன். அம்மா தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போவதையே விட்டுவிட்டாள்.

கைத்தடத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒரு பாத்திக்கு இரண்டு ஆள். எதிரெதிர் வரப்பில் நின்று, நீரின் அடியில் படிந்த உப்பை நீளமான பலகையால் ஆளுக்குப் பாதியாகத் தன் பக்கம் இழுத்துக் குவிப்பார்கள். எது யார் குவியல் என்று மேஸ்திரிக்குத் தெரிவதற்காக, ஈரம் காயுமுன் உச்சியில் உள்ளங்கையை அழுத்திவிடுவது அந்த உப்பளத்தில் வழக்கம். குமார் இடக்கைக்காரன். சிறு வயதில் சைக்கிள் செயினில் மாட்டி ஒடிந்த சுண்டுவிரல் வளைந்தே கூடிவிட்டதால், அவன் தடத்தில் அந்த விரலின் நுனி மட்டும் ஒரு புள்ளியாக விழும். வீட்டில் உப்பு ஜாடியை நிரப்பினால்கூட, "இது என் குவியல்" என்று அழுத்திவிட்டுத்தான் மூடுவான். "எருமை, கைய கழுவினியாடா?" என்று அம்மா கத்துவாள்.

அவன் போன பிறகு, எதையும் நம்பாத நானே ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தேன். அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்துப் படைத்து, "வாடா, வந்து துன்னுட்டுப் போடா" என்று அழுவாள். அவன் எங்கள் கனவில்கூட வரவில்லை.

நான் மனுப் போட்டு அலைந்ததில், மறு கோடையில் மறு விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தைய நாள் ஏழுமலையைப் பார்க்கப் போனேன். உண்மையைச் சொன்னால் அவன் பிழைப்பு போய்விடும் என்பதையும் யோசித்து, பாண்டிச்சேரியில் அவனுக்கு வேறு வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டுத்தான் போனேன்.

உச்சி வெயில். கூடை சுமக்கும் பெண்கள் வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். முன்னால் வந்த அஞ்சலை என்னைப் பார்த்து நின்றாள்.

"இன்னாம்மா, காலேஜ் படிச்சவங்கல்லாம் உப்பு சொமக்க வந்துட்டீங்க? எங்க பொழப்பையாவது வுட்டு வைங்கம்மா."

ஏழுமலை எங்கே என்று கேட்டதும் அவள் சிரிப்பு நின்றது.

"கடைசி பாத்தில கீறான். கூட்டாளியவே போலீசுல காட்டிக் குடுத்தவன்னு எவனும் அவங்கூட ஜோடி சேர மாட்டேங்கறான். ஆனா ஒத்த ஆளா ரெண்டு ஆளு வேலய முடிச்சிடறாம்மா. எப்டின்னு எங்களுக்கும் தெர்ல."

நடந்தேன். கண் கூசும் வெள்ளை, காற்று இல்லை. தூரத்தில் ஏழுமலை குனிந்து பலகையை இழுப்பது தெரிந்தது. ஒரு இழுப்பு. அவன் நிமிர்ந்து காத்திருந்தான். அப்போது இன்னொரு இழுப்பின் சத்தம் கேட்டது. எதிரொலி என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் சுவரோ மரமோ இல்லாத அந்த வெட்டவெளியில் எதன்மேல் பட்டு எதிரொலிக்கும்?

என்னைப் பார்த்ததும் அவன் பலகையை வரப்பில் வைத்துவிட்டு வந்தான். "வாங்கக்கா" என்றான். நம்பினால் நம்புங்கள், அவன் பலகையை வைத்த பிறகும் எதிர்ப்பக்கம் உப்பு இழுபடும் சத்தம் ஒருமுறை வந்தது.

நான் அதைக் கேட்காததுபோல, வந்த காரியத்தைப் பேசினேன். "நாளைக்கு நெஜத்த சொல்லிடு ஏழுமலை. உனக்கு வேற வேலைக்கு நான் பொறுப்பு. அவன் திருடன் இல்லன்னு ஒரே வார்த்த."

அவன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். "சொல்லிடலாம்னுதான்க்கா இருந்தேன். தூக்கமே இல்ல. அப்புறம் அவனே வந்துட்டான்."

"யாரு?"

முகவாயால் எதிர் வரப்பைக் காட்டினான். "இந்த சீசன் ஆரம்பிச்சதுலேர்ந்து வர்றான். எவனும் கூட வர்ல, அவன்தான் வர்றான். என்னய ஒரு வார்த்த கேக்கலக்கா. செத்தவனே கேக்கல, நீங்க இன்னாத்துக்கு கேக்கறீங்க?"

"யாருகிட்டடா நடிக்கிற?"

"நம்பலன்னா போய்ப் பாருங்க."

சுற்றிக்கொண்டு எதிர் வரப்புக்குப் போனேன். அன்று காலைதான் சேறு பூசி மெழுகிய வரப்பு அது. என் காலடிகளைத் தவிர அதில் ஒரு தடமும் இல்லை. ஆனால் நெடுக உப்புக் குவியல்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் இடது உள்ளங்கை, நான்கு விரல்கள், ஒரு புள்ளி. கடைசிக் குவியலில் அந்தப் புள்ளியிலிருந்து நீர் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. ஏழுமலை அவ்வளவு நேரமும் என் கண் முன்னால், பாத்திக்கு மறுபக்கம் நின்றிருந்தான்.

அந்தத் தடத்தின்மேல் என் கையை வைத்தேன். "குமாரு, அக்கா வந்திருக்கேன்டா" என்றேன். ஒன்றும் அசையவில்லை. பாத்தியின் நீர் கண்ணாடிபோல் கிடந்தது.

"கூப்டாதீங்கக்கா, போய்டுவான்!" என்று எதிரிலிருந்து பதறினான் ஏழுமலை. என் தம்பியை நான் கூப்பிடக் கூடாது என்று அவன் சொன்னான்.

திரும்பி நடந்தேன். பாதி தூரம் போயிருப்பேன், பின்னால் பலகைச் சத்தம் மறுபடி தொடங்கியது. ஒரு இழுப்பு, ஒரு மறு இழுப்பு. திரும்பிப் பார்த்தேன். ஏழுமலை எதிர் வரப்பைப் பார்த்து, கூட வேலை செய்கிறவன் சொன்ன ஏதோ கேலிக்குச் சிரிப்பதுபோல், தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஏழுமலையின் துரோகத்தைத் தாங்க நான் ஒரு வருடமாகப் பழகியிருந்தேன். என் தம்பியே அவனோடு போய்ச் சேர்ந்துகொண்டதற்குப் பழகியிருக்கவில்லை.

மறுநாள் அவன் பழைய வாக்குமூலத்தையே திருப்பிச் சொன்னான். நான் நேரில் பார்த்தவள் அல்ல என்பதால் என் பேச்சு எடுபடவில்லை. ஒயரை மாற்ற உத்தரவானது, முதலாளியும் மாற்றினார். இனி அங்கே யாரும் அப்படிச் சாக மாட்டார்கள் என்பதை நன்மைக் கணக்கில் வைத்துக்கொள்கிறேன். குமார் மட்டும் காகிதத்தில் இன்றும் திருடன்தான்.

அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. அவள் இன்னும் குழம்பு வைத்து அவனைக் கூப்பிடுகிறாள். அந்தப் படையலில் நான் உட்காருவதில்லை. ஆனால் ஒவ்வொரு இரவும் படுக்கப் போகுமுன் சமையலறையில் உப்பு ஜாடியைத் திறந்து, உப்பைக் கரண்டியால் சமப்படுத்திவிட்டு மூடுகிறேன். காலையில் திறந்தால், நான் விட்டபடியே இருக்கிறது.