அண்ணன் வயலுக்குப் போகும் வழி

பூசையில் ஆண்டவர் கற்பித்த செபம் சொல்லும்போது, நமக்குத் தீங்கு செய்தவர்களை மன்னிப்பதாக ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்று வரும். அந்த இடத்தில் ஆறு வருடங்களாக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அடுத்தது நம் பாவங்களை மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் இடம். அங்கே மறுபடி சேர்ந்துகொள்வேன். கொடுக்க வாய் வராது, வாங்க மட்டும் கை நீளும்.

என் கணவர் இதைக் கவனித்துவிட்டார். "சாமிக்குக் காது கேக்காதுன்னு நெனச்சியா?" என்று ஒருமுறை கேட்டார்.

"கேக்கட்டுமே. பொய் சொல்லக் கூடாதுன்னுதான் சும்மா நிக்கிறேன்" என்றேன்.

அந்த வரியைச் சொல்லவிடாமல் என் தொண்டையில் உட்கார்ந்திருந்தவர் என் அண்ணன். அப்பா கடைசி இரண்டு வருடங்கள் படுத்த படுக்கையாக அண்ணன் வீட்டில் கிடந்தார். நான் சென்னையில் பள்ளிக்கூட வேலையில் இருந்தேன். லீவுக்கு லீவு வருவேன், பழமும் சத்துமாவு டப்பாவும் வைத்துவிட்டு இரண்டாம் நாளே பஸ் ஏறிவிடுவேன். மூத்திரத் துணி அலசியதெல்லாம் அண்ணனும் அண்ணியும்தான்.

அப்பா இறந்த அன்று கிடைத்த பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். பாபநாசம் தாண்டியதும் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, இன்னும் அரை மணி நேரந்தான். மொகத்த மட்டும் பாத்துக்கறேன். பொட்டிய மூடிடாதீங்க."

"உசுரோட இருந்தப்ப வராதவளுக்கு இப்ப மட்டும் என்ன அவசரம்?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கல்லறைத் தோட்டத்துக்குள் நான் ஓடியபோது குழியில் பாதி மண் விழுந்திருந்தது. அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. அண்ணன் எனக்கு வேறு எந்தக் கெடுதலும் செய்ததில்லை. எனக்கு அது ஒன்றே ஆறு வருடத்துக்குப் போதுமானதாக இருந்தது.

வேலையை முடித்துக்கொண்டு நானும் கணவரும் ஊருக்குப் பக்கத்தில் தஞ்சாவூருக்கே வந்து குடியேறினோம். அப்பா தன் காலத்திலேயே வயலை இரண்டாகப் பிரித்து, ரோட்டை ஒட்டிய முன்பாதியை எனக்கும் பின்பாதியை அண்ணனுக்கும் எழுதியிருந்தார். என் பாதியை ஆள் வைத்து நானே பயிர் செய்தேன். அண்ணனும் நானும் ஒரே வரப்பின் இரண்டு பக்கம் நிற்போம். பேச்சு கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் உழவு ஓட்டும் டிராக்டர்காரர் வழியாகச் சொல்லி அனுப்புவோம்.

இப்போது அறுப்புக்கு ஆள் கிடைப்பதில்லை, எல்லாம் மெஷின்தான். அண்ணன் வயலுக்கு ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் யாரோ ஒருவரின் வாழை. மெஷின் இறங்க வேண்டுமானால் என் வயல் வழியாகத்தான் இறங்க வேண்டும். அதனால் முன்வயல்காரரும் பின்வயல்காரரும் ஒரே வயதுள்ள நெல்லாகப் போடுவார்கள். முன்வயலை அறுத்துக்கொண்டே மெஷின் பின்வயலுக்குப் போய்விடும். எழுத்தில் இல்லாத ஏற்பாடு இது, யாரும் மீறுவதில்லை.

போன சம்பாவுக்கு நான் மீறினேன். "தங்கச்சி என்ன ரகம் போடுது?" என்று அண்ணன் டிராக்டர்காரரிடம் கேட்டனுப்பினார். வழக்கமானதுதான் என்று சொல்லச் சொன்னேன். அவர் விதைத்து முடித்த பிறகு, இருபது நாள் பிந்தி விளையும் ரகத்தை வாங்கி வந்து விதைத்தேன். புது ரகம் பார்க்க ஆசை என்று கணவரிடம் சொன்னேன். பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லவில்லை. நெல் ரகமெல்லாம் சாமியாருக்கு எங்கே புரியப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என் திட்டம் எளிமையானது. அவர் நெல் முற்றிப் பழுத்து நிற்கும்போது என்னுடையது பச்சையாக நிற்கும். வழி விடச் சொல்லி அவர் என்னிடம் வந்து நிற்பார். அப்போது, "இப்ப மட்டும் என்ன அவசரம்?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். கேட்டுவிட்டு வழி விட்டிருப்பேனா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

தை மாதம் அவர் நெல் பழுத்தது. அவர் வரவில்லை. அடுத்த இரண்டு நாளும் மழை என்று செய்தியில் சொன்னார்கள். ஊரில் ஒரே ஒரு மெஷின் நின்றது, மறுநாள் அதுவும் வேறு ஊருக்குப் போகிறது என்றார்கள். நானும் காலையிலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். அவர் கேட்க வரும்போது நான் அங்கே இருக்க வேண்டாமா?

அண்ணன் அறுத்துக்கொண்டிருந்தார், கையால், கருக்கரிவாளை வைத்துக்கொண்டு. அறுபதைத் தாண்டியவர், முழங்கால் மடங்காது. அதனால் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு அதில் உட்கார்ந்து கை எட்டும்வரை அறுத்தார். பிறகு எழுந்து, ஸ்டூலை ஓரடி தள்ளிப் போட்டு மறுபடி உட்கார்ந்தார். ஸ்டூலின் கால் ஈர மண்ணில் புதைந்து சாயும்போதெல்லாம் அண்ணி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். விடிந்ததிலிருந்து இருவரும் அறுத்தது ஒரு வாசல் அளவுகூட இல்லை. மிச்சமெல்லாம் தலை சாய்ந்து நின்றது, ஒரு மழை பெய்தால் அப்படியே படுத்துவிடும்.

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, கோபம்தான். ஒரு வார்த்தை வந்து கேட்டால் இந்த மனுஷனுக்கு என்ன குறைந்துபோகும் என்று பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தோடு ஸ்கூட்டரைத் திருப்பி மெஷின் நிற்கும் இடத்துக்குப் போனேன். இரக்கம் வழியில் எங்கேயோதான் வந்து ஏறிக்கொண்டது. அந்த ஸ்டூல் அப்பா குளிக்க உட்கார்ந்த ஸ்டூல் என்பது பாதி வழியில் ஞாபகம் வந்தது.

மெஷின் ஓட்டுகிறவர் சேலம் பக்கத்து ஆள். என் வயலைப் பார்த்ததும் இறங்கிவிட்டார்.

"அக்கா, இது பச்சைங்க. அறுத்தா ஒண்ணும் தேறாதுங்க."

"தெரியும் தம்பி. மெஷின் போக, டிராக்டர் போக வழி மட்டும் அறுங்க. அந்தப் பின்வயல்தான் அறுக்கணும்."

"அது யாருதுங்க?"

"எங்க அண்ணனுது" என்றேன். அந்தச் சொல்லை ஆறு வருடத்தில் வெளியாரிடம் நான் சொன்னது அன்றுதான்.

மெஷின் என் பச்சைப் பயிருக்குள் இறங்கியபோது மனசு சும்மா இருந்தது என்று சொன்னால் பொய். பால் பிடித்த கதிர் அறுபடும் வாசனை அடித்தது. அண்ணன் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மெஷின் வரப்பேறித் தன் வயலில் இறங்கிய பிறகும் அசையவில்லை.

அறுத்த வழியில் நடந்து அவரிடம் போனேன். மெஷின் இரைச்சலில் கொஞ்சம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அண்ணே, இந்த ரகத்த நான் தெரிஞ்சேதான் போட்டேன்."

"தெரியும். வெத நெல்லுச் சாக்கு, ரகத்தோட பேர் போட்டு, வரப்புலதான கெடந்துச்சு."

"அப்பறம் ஏன் வந்து கேக்கல?"

அவர் அரிவாளைத் துண்டில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுக் கேப்பேன், பாப்பா? அன்னைக்குப் பொட்டியில ஆணி அடிக்கறப்பவே தெரிஞ்சிச்சு, தப்புன்னு. பிடுங்கச் சொல்லத்தான் வாய் வரல."

ஐம்பத்தேழு வயதுக்காரியைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் இன்னும் ஒருவர் மிச்சமிருந்தார். நான் அழுதேன். அண்ணி ஸ்டூலைக் கொண்டுவந்து என் பின்னால் போட்டாள்.

உட்கார்ந்து, ஆறு வருடமாக யாரிடமும் கேட்காததைக் கேட்டேன். எத்தனையோ பேர் அன்று அப்பாவைப் பார்த்தவர்கள். அவர்களிடம் கேட்க எனக்கு மனசு வந்ததில்லை.

"அப்பா மொகம் எப்படிண்ணே இருந்துச்சு?"

அண்ணன் என் எதிரில் வரப்பில் காலை நீட்டி உட்கார்ந்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். வெள்ளைச் சட்டை, ஈஸ்டருக்கு எடுத்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது, தாடையைத் துணியால் கட்டியும் சரியாக மூடவில்லை. நெற்றியில் சுருக்கமே இல்லை. கையில் செபமாலை.

"நான்தான் சவரம் பண்ணி உட்டேன். கை தவறி மோவாயில சின்னதா வெட்டிட்டேன். ரத்தம் வரல. அப்பதான் எனக்கு அப்பா போயிட்டாருன்னே புரிஞ்சிச்சு."

"எந்தப் பக்கம்?"

தன் மோவாயின் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் அதே மோவாய்தான் அண்ணனுக்கும். முதல் தூறல் விழுந்தபோது மெஷின் கடைசிச் சுற்றில் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் அந்த வரியைச் சொன்னேன். சத்தம் கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது. கணவர் திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த வரியைச் சொன்னார்.